தானாக எழும்பிய கம்ப்யூட்டர்

வீட்டு வரைபட வேலைக்கென்று வேகமான கம்ப்யூட்டர் ஒன்றை வாங்கி, துறைமுகத்தடியில் அலுவலகமாக எடுத்த வாடகை மாடி அறையில் வைத்தேன். என் ஊரான வெருகலில் வீட்டிலிருந்தபடியே மடிக்கணினியால் அதை இயக்குவேன். "கரண்ட் போய் வந்தாலும் தானாக எழும்பும்" என்று எல்லோரிடமும் பெருமையடித்தேன்.

ஒருநாள் எழும்பவில்லை. எரிச்சலோடு பஸ் ஏறிப் போனேன். கீழ்வீட்டு மேரி அன்ரி காலில் கட்டோடு கதிரையில் இருந்தா.

"குறை நினைக்காதேங்கோ தம்பி. படியில விழுந்திட்டன். மேல வந்து பட்டனை அமத்த ஏலாமல் போச்சு."

"இவ்வளவு நாளும் நீங்களா அமத்தினீங்கள்?"

"ஓம். கரண்ட் வந்தா அமத்திவிடச் சொல்லி நீங்கள்தானே வந்த முதல்நாளே சாவி தந்து சொன்னீங்கள்?"

சொன்னதையே மறந்திருந்தேன்.

தானாக எழும்பும் வசதி அந்தக் கம்ப்யூட்டரிலேயே இருந்தது. அன்றுதான் அந்த அமைப்பைத் தேடி, மாற்றிவிட்டேன்.

"இனி ஏற வேண்டாம் அன்ரி" என்று மட்டும் சொன்னேன். முதல்நாளே நான் செய்திருக்கக்கூடிய ஒரு நிமிட வேலைதான் அது என்பதை இன்னும் சொல்லவில்லை.