பலூனுக்குள் அடங்காத பேச்சு

பதிப்பகத்தில் அவளுக்குப் பலூன் அக்கா என்று பெயர். காற்றடைத்து விற்கிற பலூன் இல்லை. படக்கதையில் ஆட்கள் பேசும்போது தலைக்கு மேலே ஒரு வட்டம் வருமே, அந்தப் பலூன். ஜப்பானிலிருந்து வருகிற மாங்கா கதைகளில் வட்டத்துக்குள் இருக்கும் எழுத்தைக் கணினியில் அழித்துவிட்டு, அந்த இடத்தில் தமிழை உட்கார வைப்பது அவள் வேலை. என்ன வேலை பார்க்கிறாய் என்று யாராவது கேட்டு, "மாங்கா" என்று அவள் பதில் சொன்னால், "தோட்டக்கலையா?" என்பார்கள். லிஃப்ட் மெக்கானிக்கான அவள் கணவரும் ஆரம்பத்தில் அப்படிக் கேட்டவர்தான்.

கேலி செய்கிறவர்கள் ஒரே ஒரு நாள் அந்த நாற்காலியில் உட்கார்ந்து பார்க்கட்டும். ஜப்பானிய எழுத்து மேலிருந்து கீழே இறங்கும். அதனால் பலூன்கள் நிறுத்தி வைத்த வெண்டைக்காய் மாதிரி ஒல்லியாக இருக்கும். தமிழ் வார்த்தையோ குறுக்கே படுத்துக்கொண்டு நகர மாட்டேன் என்னும். "என்னால் இதைத் தாங்கிக்கொள்ள முடியவில்லை" என்று மொழிபெயர்ப்பாளர் எழுதி அனுப்பினால் அவள் உடனே போனைப் போடுவாள்.

"சார், தாங்கிக்கொள்ளவெல்லாம் எடமில்ல. சின்னதா ஒண்ணு குடுங்க."

"'தாங்க முடியல'?"

"இன்னும் சின்னதா."

"'முடியல'?"

"அது போதும் சார்."

பன்னிரண்டு வருஷமாக இதே பிழைப்பு. அடுத்தவர் பேச்சை வெட்டி வெட்டிப் பழகிய கை. நாக்கும் கையோடு சேர்ந்துகொண்டது. வீட்டில் அவள் பேசுவதெல்லாம் "சாப்பிடு", "படி", "அப்புறம்" என்ற அளவில்தான் இருக்கும். நல்ல மனுஷிதான், அதில் ஒரு குறையும் சொல்ல முடியாது. ஆனால் பக்கங்களை அனுப்ப வேண்டிய தேதி நெருங்கிவிட்டால், வீடே தீப்பிடித்தாலும் "ஒரு நிமிஷம்" என்பாள்.

அப்படிப்பட்டவளின் மகள், ஒன்பதாவது படிக்கிறவள், ஒரு திங்கட்கிழமை பள்ளிக்கூடம் போக மாட்டேன் என்று அறைக்குள் போய்ப் படுத்தாள். மூன்று மாதம் ஓடிவிட்டது. காய்ச்சல் இல்லை, வலி இல்லை. குளிக்கவும் சாப்பிடவும் வெளியே வருவாள், தட்டைக் கழுவி வைத்துவிட்டுத் திரும்பிப் போவாள். ஏன் என்று கேட்டால் கிணற்றில் போட்ட கல்தான். அப்பா கெஞ்சிப் பார்த்தார், அதட்டியும் பார்த்தார். மனநல ஆலோசகரிடம் அழைத்துப் போனார்கள். அங்கே நாற்பது நிமிஷம் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு வந்தாள். கடைசியில் பள்ளிக்கூடத்திலிருந்து கடிதம் வந்தது. இந்த மாதத்துக்குள் பிள்ளை வராவிட்டால் பெயரை எடுத்துவிடுவார்களாம்.

அறைக்குள் அவள் செய்தது ஒன்றே ஒன்று. மாங்கா படித்தாள். அம்மாவின் கைபட்டு அச்சாகி வந்த புத்தகங்கள்தான் எல்லாம். வகுப்பில் யாரோடும் ஒட்டாத பிள்ளைகள், மாடிப்படியில் தனியாக உட்கார்ந்து சாப்பிடுகிற பிள்ளைகள், அப்படியே தட்டுத் தடுமாறி வளர்ந்து பெரியவர்களாகிற கதைகள்.

"இதையெல்லாம் படிச்சுத்தான் இப்படி ஆயிட்டா" என்றார் கணவர்.

"நான் அத்தனையும் பக்கம் பக்கமா பாத்திருக்கேன். எனக்கு ஒண்ணும் ஆகலையே?"

அவர் எதற்கு வம்பு என்று கருவிப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

அப்போது அவள் கையில் இருந்த கதையும் அந்த ரகம்தான். வகுப்பே சேர்ந்து ஒரு பெண்ணை ஒதுக்கி வைக்கிற கதை. எழுத்தை அழித்த பக்கங்களைக் காகிதத்தில் எடுத்து, எந்த வரியை எங்கே உடைப்பது என்று பென்சிலால் எழுதிப் பார்ப்பது அவள் வழக்கம். சாப்பாட்டு மேஜையில் வைத்திருந்த ஒரு பக்கம் ஒரு நாள் காணாமல் போனது. மறுநாள் காலை அதே இடத்தில் இருந்தது. பலூன்களுக்குள் மகளின் கையெழுத்து.

படத்தில் மூன்று பெண்கள் பெஞ்சில் உட்கார்ந்து சிரிக்கிறார்கள். மூலக்கதையில் அவர்கள் பேசுவது பரீட்சையைப் பற்றி. மகள் எழுதியிருந்தது வேறு. "இங்க ஆள் வராங்க." "அந்த பெஞ்சுக்குப் போ." "அங்கயும் ஆள் வராங்க."

அம்மாவுக்குப் பயம் பாதி, சந்தோஷம் பாதி. அப்பாடா, வாயைத் திறந்துவிட்டாள்! வெளிவராத பக்கங்களை யார் கண்ணிலும் காட்டுவதில்லை என்று பதிப்பகத்தில் அவள் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறாள். அந்தச் சட்டம் ஒரு பக்கம் கிடக்கட்டும் என்று தினமும் ஒரு காலிப் பக்கத்தை மேஜையில் வைத்தாள். தினமும் அது நிரம்பி வந்தது. மகள் தொட்ட பந்தைத் துடைத்துவிட்டு எடுத்தது, பின்னாலிருந்து அவள் நடையைப் படம்பிடித்துச் சுற்றுக்கு விட்டது, அவள் பேசினால் எல்லோரும் சேர்ந்து கொட்டாவி விட்டது என்று ஒவ்வொன்றாக வெளியே வந்தது. ஒரு பக்கத்தில் அந்த மூன்று பெண்களின் தலைக்கு மேலே தன் வகுப்புப் பெண்கள் மூன்று பேரின் பெயரையும் எழுதியிருந்தாள். கதாநாயகியின் பலூன் மட்டும் எந்தப் பக்கத்திலும் நிரம்பவில்லை. அதை அம்மா பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

பதினோரு பக்கங்களைத் தேதி போட்டு ஒரு கோப்பில் அடுக்கினாள்.

"யாருன்னு தெரிஞ்சுபோச்சு" என்றாள் கணவரிடம். "நாளைக்கு இத ஹெட்மிஸ்ட்ரஸ் மேஜைல போட்டுட்டு, அந்த மூணு பேரையும் கூப்பிடச் சொல்றேன்."

"அவகிட்ட பேசினியா?"

"அதான் எல்லாம் எழுதியே குடுத்துட்டாளே. இன்னும் என்ன பேசணும்?"

மறுநாள் காலை செருப்பை மாட்டிக்கொண்ட பிறகு பார்த்தாள். மேஜையில் பன்னிரண்டாவது பக்கம் இருந்தது. கதாநாயகி நனைந்த சீருடையோடு வீட்டுக்கு வருகிறாள். அவள் அம்மா முதுகைக் காட்டியபடி ஏதோ வேலையாக இருக்கிறாள். அம்மாவின் தலைக்கு மேல் ஒரு பெரிய பலூன். மூலத்தில், "வந்துட்டியா? பசிக்குதா?" என்று வரும். மகள் எழுதியிருந்தாள்:

"எல்லாருக்கும் இருக்கறதுதான். நடிக்காத. அப்புறம்."

வேறு யாருடைய பேச்சும் இல்லை, அவளுடையதேதான். எங்கே வெட்டுவாள், எங்கே நிறுத்துவாள் என்பதுவரை அச்சு அசலாக இருந்தது. என்றைக்குச் சொன்னோம் என்று நின்ற இடத்திலேயே யோசித்தாள். ஞாபகம் வரவில்லை. சொல்லவே இல்லை என்று சாதிக்கவும் முடியவில்லை, சொல்லியிருப்பாள். அந்த மூன்று பெண்களுக்காவது தாங்கள் என்ன செய்தோம் என்று தெரிந்திருக்கும். பெற்றவளுக்கு அதுகூடத் தெரியவில்லை. அவளுக்குக் கூசிப்போனது.

பள்ளிக்கூடத்துக்கு எடுத்துவைத்த கோப்பை மேஜையிலேயே விட்டுவிட்டு, அந்த ஒற்றைப் பக்கத்தோடு அறைக் கதவைத் தள்ளினாள். தாழ்ப்பாள் போட்டிருக்கவில்லை. மகள் கட்டிலில் சாய்ந்து படித்துக்கொண்டிருந்தாள்.

"இது நான் சொன்னதுதானே?"

மகள் புத்தகத்திலிருந்து கண்ணை எடுக்காமல் தலையாட்டினாள்.

"சத்தியமா எனக்கு ஞாபகமே இல்லம்மா. எப்ப சொன்னேன்?"

இப்போதுதான் மகள் நிமிர்ந்தாள். முகத்தில் கோபம்கூட இல்லை. கேள்வி சரியாகப் புரியாதவள் மாதிரிப் பார்த்தாள்.

"எந்தத் தடவையக் கேக்கற?"

அம்மா செருப்போடு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"மொதல் தடவைலேர்ந்து சொல்லு" என்றாள். "ஒண்ணு விடாம சொல்லு."