இடது கைக்கு மாறிய நோன்புக் கயிறு

நேற்று ஸ்கேன் சென்டரில் ஒரு பெண் கத்தரிக்கோலோடு வந்தாள். சரிகையில் உலோகம் இருக்கிறதாம், அது கலந்த கயிறு ஸ்கேன் அறைக்குள் ஆகாதாம். என் வீட்டுக்காரர் வலது கையிலிருந்த நோன்புக் கயிற்றை நறுக்கென்று வெட்டி என்னிடம் கொடுத்துவிட்டு, அவரை உள்ளே அழைத்துப்போய்க் கதவைச் சாத்தினாள். நெஞ்சில் ஏதோ கட்டி மாதிரி தெரிகிறது என்று டாக்டர் சந்தேகப்படுகிறார். பயந்துபோனேன். பாதி பயம் கட்டிக்காக, மீதி அந்தக் கயிற்றுக்காக.

சிரிக்காதீர்கள். பெரிய காஞ்சிபுரத்தில் நாங்கள் இருந்த நெசவாளர் தெருவில் தீபாவளி அமாவாசைக்குக் கேதார கௌரி நோன்பு. அம்மா பகலெல்லாம் பட்டினி கிடந்து, அதிரசம் படைத்து, கயிறு கட்டுமுன் கதை சொல்வாள். கௌரி விரதமிருந்து சிவனின் இடப்பாகத்தை வாங்கிக்கொண்ட கதை எனக்குப் பிடிக்கும். அடுத்தது பிடிக்காது. ஒரு ராணி வசதி வந்ததும் கயிற்றைக் கழற்றி அவரைக்கொடிப் பந்தல்மேல் எறிந்தாளாம். எல்லாம் போய்ப் புருஷனோடு தெருவுக்கு வந்தாளாம். அன்றிலிருந்து அவரைக்காய்ப் பொரியலைக்கூடச் சந்தேகத்தோடுதான் தின்றேன். தறியடியில் மஞ்சள் நூல் கிடந்தால் தாண்ட மாட்டேன்.

நான் ஐந்தாவது படித்த வருஷம், நோன்பு முடிந்த கையோடு அப்பாவுக்குக் காய்ச்சல் கண்டு ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். நினைவில்லாமல் கிடந்தார். அம்மா கஞ்சி வாங்கப் போயிருந்த நேரம், குளுக்கோஸ் ஏற்ற நரம்பு தேடிய நர்ஸ், வீங்கிய வலது கையிலிருந்த கயிற்றை வெட்டி எடுத்தார். பஞ்சோடு பஞ்சாக அது குப்பைக்கூடைக்குப் போனது. அப்பா இனிப் பிழைக்க மாட்டார் என்று நான் முடிவே செய்துவிட்டேன். கத்தவும் பயம். கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

திரும்பி வந்த அம்மா வெறுங்கையைப் பார்த்தாள். என் பக்கம் திரும்பினாள்.

“எங்கமா போட்டாங்க?”

கூடையில் கைவிட்டு எடுத்துக் கொடுத்தேன். முந்தானையில் முடிந்திருந்த கோயில் விபூதியை விரலில் தொட்டுக்கொண்டாள். தறியில் இழை அறுந்தால் சாம்பல் தொட்டு, முடிச்சுப் போடாமல் முறுக்கி இணைப்பது எங்கள் வீட்டுப் பெண்கள் தினமும் செய்கிற வேலை. கயிற்றின் புரிகளைப் பிரித்து ஒவ்வொன்றாக முறுக்கினாள். எப்போதும் பேசிக்கொண்டே இணைக்கிறவளுக்கு அன்று புரி வழுக்கி வழுக்கிப் போனது. அம்மாவுக்கும் பயம் வரும் என்று அப்போதுதான் தெரிந்துகொண்டேன். அதுதான் எல்லாவற்றையும்விடப் பெரிய பயமாக இருந்தது.

ஒருவழியாக இணைத்தாயிற்று. ஆனால் வலது கையில் ஊசி. ஆண்களுக்கு இடது கையில் கட்டும் வழக்கம் எங்களில் கிடையாது. அதைச் சொல்லி அழுதேன்.

“இடப்பக்கம் அம்மனோடதுதானேம்மா? அவ பாத்துக்குவா. நீ அழுதுக்கினு இருக்காத,” என்று இடது கையில் கட்டினாள்.

அப்பா பிழைத்தார். மருந்தா கயிறா என்று நான் இன்னும் முடிவுக்கு வரவில்லை. அதன்பின் வருஷா வருஷம் அவர் இடது கையைத்தான் நீட்டினார். தெருவில் கேலி செய்தவர்களைச் சட்டை செய்யவில்லை.

நேற்று அந்த மூடிய கதவுக்கு வெளியே உட்கார்ந்து, கைப்பையிலிருந்த விபூதியைத் தொட்டு நானும் முறுக்கினேன். அம்மா கற்றுத்தந்த வேலை, கை மறக்கவில்லை. வெளியே வந்தவருக்கு இடது கையில் கட்டினேன். ரிப்போர்ட் நாளைக்குத்தான்.

அம்மாவும் அப்பாவும் போய் வெகு காலமாயிற்று. நேற்று இரவெல்லாம் வீட்டுக்காரர் பக்கத்தில் படுத்தபடி, “அவ பாத்துக்குவா” என்று எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன். அம்மா சொன்னதும் அழுகையை நிறுத்தியவள்தான் நான். என் குரலுக்கு அது நிற்கவில்லை.