முன்கதவில் கோர்ட் சீல்

தொண்ணூறுகளில் ஏற்காடு பஜாரில் மிளகும் காப்பித்தூளும் விற்றவர்கள் நிம்மதியாகவே இருந்தார்கள். நானும் அவற்றைத்தான் விற்றேன்; நிம்மதி மட்டும் என் கடையில் ஸ்டாக் இல்லை. கடை வாடகைக் கட்டடம். உரிமையாளர் தொண்டையைச் செருமினாலே காலி பண்ணச் சொல்லப்போகிறார் என்று மிளகு மூட்டைகளை எண்ணத் தொடங்கிவிடுவேன். ஆறாவதோடு படிப்பை நிறுத்தியவனுக்குக் கடை போனால் வேறென்ன வேலை கிடைக்கும்? அதனால் ஒரு ஃபிளாட் வாங்கி, சுற்றுலா வருபவர்களுக்கு வாடகைக்கு விட்டுப் பிழைப்பது என்று முடிவு செய்தேன்.

ஏரிக்கு மேலே ஒரு ஃபைனான்ஸ் கம்பெனி கட்டிய கட்டடம் இருந்தது. பணம் போட்டவர்களை அம்போவென்று விட்டுவிட்டுக் கம்பெனி மூழ்கிப்போக, அதன் சொத்துகளை விற்க ஒரு வக்கீலை ரிசீவராகப் போட்டிருந்தது கோர்ட். ஃபிளாட்டுகள் சீல் வைத்தபடி வருஷக்கணக்காகக் கிடந்தன. விலை மலிவு. மலிவாக இருப்பதாலேயே ஒரு மாதம் தூக்கம் வரவில்லை. பிறகு வாங்கிவிட்டேன். பயப்படுவதில் நான் கெட்டிக்காரன். பயந்து ஒரு காரியத்தை நிறுத்தியதாகச் சரித்திரம் இல்லை.

ஃபிளாட்டை ஒப்படைக்க ரிசீவர் சேலத்திலிருந்து பஸ்ஸில் வந்தார். மலைப்பாதை வளைவுகள் அவரை நன்றாகவே உபசரித்திருந்தன. எலுமிச்சம்பழத்தை மோந்தபடியே நீதியை நிலைநாட்டினார்.

"சார், தண்ணி வருங்களா?"

"உள்ளது உள்ளபடி, பாய். கோர்ட்டுக்குப் பொறுப்பில்லை."

"மழைக்கு ஒழுகுங்களா?"

"உள்ளது உள்ளபடி."

"நீங்க எதுக்குத்தாங்க பொறுப்பு?"

"சீலுக்கு." அரக்கைப் பாசமாகத் தடவினார். "பாருங்க, ஒரு கீறல் இருக்கா?"

இல்லைதான். கோர்ட்டின் மானமே அதில் ஒட்டியிருந்தது.

சீலை உடைத்தார். உள்ளே வௌவால் குடும்பம் நடத்தும் என்று எதிர்பார்த்து மூக்கைப் பொத்திக்கொண்டு, பிஸ்மி சொல்லிக் கதவைத் தள்ளினேன். ஆம்லெட் வாசனை வந்தது.

பால்கனியில் புதுமணத் தம்பதி ஒன்று குரங்குக் குல்லாவோடு டீ குடித்துக்கொண்டிருந்தது. மாப்பிள்ளை என்னைப் பார்த்துச் சிரித்தார். "பாய், நீங்க சொன்ன ரூம் பிரமாதம்."

லாட்ஜில் இடம் கிடைக்காமல் கடைக்கு வருபவர்களை, "மேல பில்டிங் வாட்ச்மேனைக் கேளுங்க" என்று அனுப்புவது என் வழக்கம். பக்கத்துக் கிராமமான வெள்ளக்கடையில் தன் உறவுக்காரர் வீட்டில் தங்க வைப்பதாகத்தான் அவன் என்னிடம் சொல்லியிருந்தான். அந்த உபகாரத்துக்கு வாரம் ஒரு சீப்பு மலைவாழைப்பழம் கொடுப்பான்.

அந்த வாட்ச்மேன் இப்போது சமையலறைப் பக்கத்துக் கதவு வழியாக இட்லித் தட்டோடு வந்தான். ரிசீவரைப் பார்த்ததும் தட்டை வைத்துவிட்டுக் கும்பிட்டான்.

"சீலு முன்கதவுக்குத்தானுங்க வெச்சாங்க. ஒரு நாளும் அதத் தொட்டதில்லீங்க சாமி."

ரிசீவர் உடைந்த அரக்கைப் பார்த்தார், இட்லியைப் பார்த்தார். "சீல் சரியா இருந்துச்சு. அதுக்கு நீங்களே சாட்சி, பாய்" என்று கையெழுத்து வாங்கிக்கொண்டு அடுத்த பஸ்ஸைப் பிடித்தார். திரும்புகிற வழியிலும் அதே வளைவுகள் என்பதில் எனக்குச் சிறு ஆறுதல்.

"போலீஸைக் கூப்பிடட்டுமா?" என்றேன்.

"ஏனுங்க பாய், கம்பெனிக்காரன் ஓடுனதுலருந்து எனக்குச் சம்பளம் யாருங்க குடுத்தா? பூட்டியே போட்டிருந்தா ஊடு பூரா பூஞ்சக்காளானுங்க. நானு வெள்ளையடிச்சு, ஊத்துலருந்து தண்ணி செமந்து வெச்சிருக்கறேன். வர்ற மாசம் முச்சூடும் ஆள் சொல்லியாச்சு. உங்களுக்கு நொம்ப லாபமுங்க. பாதி எனக்கு, பாதி உங்களுக்கு."

பைப்பைத் திருகிப் பார்த்தேன். காற்று வந்தது. பாதிக்கு ஒப்புக்கொண்டேன்.

வீட்டில் சொன்னதும் மனைவி கேட்டாள்: "ஏங்க, ஃபிளாட்டை வாங்குனது நாமளா, அந்த வாட்ச்மேனா?"

சில வருஷம் கழித்து, நான் பயந்தபடியே கடையைக் காலி செய்யச் சொன்னார்கள். அந்தப் பாதி வாடகைதான் எங்களுக்குச் சோறு போட்டது. கவலை தீர்ந்ததா என்றால், இடம் மாறியது. வாட்ச்மேன் தொண்டையைச் செருமினால் இப்போது முக்கால் பங்கு கேட்கப்போகிறான் என்று கணக்குப் போடத் தொடங்கினேன். ஃபிளாட்டுக்குச் சொந்தக்காரனுக்கு எதற்குக் கமிஷன் என்று வாழைப்பழத்தைச் சீல் உடைத்த அன்றைக்கே நிறுத்திவிட்டான்.