ஸ்டார்ட் ஆல்

திருப்பூருக்கு வந்த புதிதில் நான் யாரை ‘அண்ணாச்சி’ என்று கூப்பிட்டாலும் சிரித்தார்கள். நாகர்கோவில் பக்கம் நாங்கள் மரியாதைக்குச் சொல்வது, இங்கே மளிகைக் கடைக்காரருக்கு மட்டும் உரியதாம். பனியன் கம்பெனியில் ஃபிட்டராக இருந்த நாச்சிமுத்துதான் அதைச் சொன்னார். “பருப்பு வாங்க வந்தாப்பல இருக்குதுங்க தம்பி. அண்ணான்னே கூப்பிடுங்க.” என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவர். எனக்குப் போய் ‘ங்க’ போட்டுப் பேசினார். ஊரில் அப்பா என்னை ‘லே’ என்பதோடு சரி.

பனியன் துணி பின்னும் வெளிநாட்டு நிட்டிங் மெஷின்களுக்கு சர்வீஸ் செய்வது என் வேலை. மெஷினுக்குள் அதை இயக்கும் ஐந்து மின்னணு போர்டுகள் இருக்கும். லேப்டாப்பைக் கேபிளில் இணைத்தால் கறுப்புத் திரை வரும். படமோ பட்டனோ கிடையாது, எல்லாமே டைப் செய்யும் கட்டளைதான். ஒவ்வொரு போர்டின் எண்ணையும் கொடுத்து, செட்டிங்கை ஏற்றி, ‘ஸ்டார்ட்’ என்று அடிக்க வேண்டும். மோட்டாரை ஓட்டும் ஐந்தாவது போர்டை, ஆள் விலகியதைக் கண்ணால் பார்த்த பிறகே தொடங்க வேண்டும். ‘ஸ்டார்ட் ஆல்’ என்று அடித்தால் ஐந்தும் ஒன்றாகக் கிளம்பிவிடும். இரண்டு நிமிடம் மிச்சம், அவ்வளவுதான்.

அன்று ஏற்றுமதி ஆர்டர் அவசரம். மானேஜர் என் முதுகுக்குப் பின்னால் நின்றார். மெஷினுக்கு அந்தப் பக்கம் நாச்சிமுத்து குனிந்து, ரோலரில் சிக்கிய துணியை எடுத்துக்கொண்டிருந்தார். “முடிஞ்சுதாண்ணே?” என்று கத்தினேன். “ஆச்சுங்க, ஆச்சுங்க” என்றார். இதோ முடியப்போகிறது, பொறுங்கள் என்று அவர் சொல்லியிருக்கிறார். முடிந்தேவிட்டது என்று நான் எடுத்துக்கொண்டேன். எழுந்து போய்ப் பார்க்கவில்லை. ‘ஸ்டார்ட் ஆல்’ அடித்தேன். திரையில் ஐந்து ‘ஓகே’ வரிசையாக விழுந்தன. ஐந்தாவதோடு அவர் அலறல் கேட்டது. ஓடிப்போய்ச் சிவப்புப் பட்டனை அடிப்பதற்குள் வலது கையில் இரண்டு விரல்கள் போய்விட்டன.

‘தொழிலாளியின் கவனக்குறைவு’ என்று மானேஜர் ரிப்போர்ட் எழுதினார். நான் என்ன அடித்தேன் என்று யாரும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. வேலை போனால் எந்த முகத்தோடு ஊருக்குத் திரும்புவது என்ற பயம். கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.

மூன்று வருடம் கழித்து, கிறிஸ்துமஸுக்கு ஊருக்குப் போகிற பஸ்ஸில் இருந்தேன். அவிநாசிபாளையத்தில் ஏறியவர் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். “ஏனுங்க தம்பி, ஊருக்குங்களா?” நாச்சிமுத்து. டிக்கெட்டை இடது கையால் வாங்கினார். குண்டடத்தில் மச்சான் தோட்டத்துக்குத் தண்ணீர் பாய்ச்சுகிறாராம். கொஞ்ச தூரம் போனதும் அவரே பேச்சை எடுத்தார். “நானுங்கூட அன்னிக்கு நில்லுங்கன்னு சத்தமாச் சொல்லீருக்கோணுங்க. உங்களையும் பயப்படுத்திப் போட்டேன்.”

சொல்லிவிட வாயெடுத்தேன். குண்டடம் வந்துவிட்டது. இறங்கியவர் என் ஜன்னலுக்குக் கீழே வந்து நின்று, “ஊட்டுல எல்லாத்தையும் கேட்டதாச் சொல்லுங்க” என்றார்.

பஸ் தெற்கே கிளம்பியது. அங்கே அம்மா காத்துக்கொண்டிருப்பாள். நான் கழுத்தைத் திருப்பி, தாராபுரம் வரும்வரை பின்பக்கக் கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தேன்.