எலுமிச்சைச் சாற்றில் எழுதிய மனு

ஒரு கோடை விடுமுறை முழுக்க எங்கள் வீட்டு அடுப்பங்கரையில் விஞ்ஞானம் நடந்தது. நடத்தியவள் ஒன்பதாம் வகுப்பு முடித்திருந்த அக்கா. சோதனைக்கு ஓர் உயிர் வேண்டுமே, அதற்கு எட்டு வயதில் நான் இருந்தேன். ஜாடி உப்பைத் தண்ணீரில் கொட்டி முட்டையை மிதக்கவிட்டோம். முட்டை மிதந்தது, குழம்புக்கு உப்பில்லாமல் போனதால் அம்மா எங்களைக் காய்ச்சி எடுத்தாள். மஞ்சளில் சுண்ணாம்பைக் குழைத்துச் சிவப்பாக்கி என் முழங்காலில் பூசிக்கொண்டு, "ஐயோ ரத்தம்" என்று தெருவில் கத்தினோம். முதல் தடவை நாலு பேர் ஓடிவந்தார்கள். இரண்டாம் தடவை நாய்கூட வரவில்லை.

இதையெல்லாம் தூக்கிச் சாப்பிட்டது எலுமிச்சைச் சாறு. ஒருநாள் அக்கா என்னிடம் வெறும் தாள் ஒன்றை நீட்டினாள்.

"இந்தா, உனக்கு லெட்டர்."

"ஒன்னுமே இல்லையே?"

"தணலுக்கு மேல புடிச்சுப் பாருடா."

பிடித்தேன். எங்கிருந்தோ பழுப்பு நிறத்தில் ஒவ்வோர் எழுத்தாகக் கிளம்பி வந்தது: 'நீ ஒரு கழுதை.' வெறும் தாள் ஒன்று என்னைத் திட்டுவதைப் பார்த்து எனக்குப் புல்லரித்துவிட்டது.

நானும் எழுதியாக வேண்டும். அலமாரியில் அப்பா வாங்கி வைத்திருந்த முழுத்தாள்களில் மேலே இருந்ததை உருவினேன். துடைப்பக்குச்சியும் சாறும் தயார். மறைத்து எழுத ஒரு ரகசியம்தான் வேண்டும். எனக்குத் தெரிந்த ரகசியம் ஒன்றே ஒன்று. கிணற்றுக்கு மோட்டார் வைக்க அப்பா இரண்டு முறை மனு கொடுத்து, இரண்டு முறையும் ஏதோ ஒரு காகிதத்தை வீட்டிலேயே மறந்துவிட்டுப் போய்த் திரும்பியிருந்தார். அந்த எரிச்சலில் சோற்றுக்கு முன்னால் உட்கார்ந்து ஒரு வார்த்தை சொன்னார். அதைத்தான் எழுதினேன்: 'கரண்டு ஆபீஸ் கிளார்க்குக்கு ஆந்தை முழி.' காயட்டும் என்று தாளை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு விளையாடப் போனேன். போனவன் மறந்தும் போனேன்.

மறுநாள் அழுது அடம்பிடித்து அப்பாவுடன் தர்மபுரி பஸ் ஏறினேன். வழியில் அப்பா பையிலிருந்து மனுவை எடுத்துப் பார்த்தார். முந்தின ராத்திரி பெரியப்பா அழகான கையெழுத்தில் எழுதிக் கொடுத்தது. மூலையில் காய்ந்து ஒட்டிக்கொண்டிருந்தது ஓர் எலுமிச்சை விதை.

நேற்று நான் ஆந்தை முழி எழுதிக் காயவைத்த தாளேதான் அது. கிளார்க் மட்டும் அதைப் படித்தால் மனு கிழியும், மோட்டார் வராது, என் முதுகுத்தோல் மோட்டார் கொட்டகைக்குக் கூரையாகும்.

அதுவரை உலகத்தில் இவ்வளவு சூடு இருக்கிறதென்று எனக்குத் தெரியாது. ஜன்னல் வழியே வெயில் மனுமேல் விழுந்தது. எழுந்து நின்று மறைத்தேன். பக்கத்தில் ஒருவர் பீடி பற்றவைத்தார். மனுவுக்கும் பீடிக்கும் நடுவே தலையை நீட்டினேன். "மாதாவே, காப்பாத்து, கோயில்ல மெழுகுவத்தி ஏத்தறேன்" என்று வேண்டிக்கொண்டேன். மெழுகுவத்தியும் நெருப்புதானே என்று உறைத்ததும், பூமாலை என்று மாற்றிக்கொண்டேன்.

ஆபீசில் கிளார்க் நிமிர்ந்தார். சோடாப்புட்டிக் கண்ணாடிக்குப் பின்னால், அப்பா சொன்னதில் தப்பே இல்லை. மனுவை வாங்கி மேசையில் விரித்து, அதன்மேல் ஆவி பறக்கும் டீ கிளாசை வைத்தார். நான் கிளாசைத் தூக்கி அவர் கையில் கொடுத்தேன். மறுபடி வைத்தார். மறுபடி கொடுத்தேன்.

"தம்பிக்கு டீ வேணுங்களா?"

"டேய், சும்மா நில்லுடா!" என்றார் அப்பா.

அப்போதுதான் பியூன் வந்தார். ஏதோ கவருக்கு அரக்கு முத்திரை வைக்க மேசை ஓரத்தில் மெழுகுவத்தியை ஏற்றினார். கிளார்க் மனுவைத் தூக்கி, விதையைப் பார்த்து, "இது என்னங்க இது?" என்று அந்த வெளிச்சத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோனார்.

அடுத்து நடந்தது என் மூளைக்குத் தெரியாமல் கால் செய்தது. மேசைமேல் பாய்ந்து மெழுகுவத்தியை ஊதி அணைத்தேன். டீ கவிழ்ந்தது. பியூன் விரலில் அரக்கு சொட்டியது. மனுவை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, ஆபீஸ் முழுக்கக் கேட்க ஒப்பாரி வைத்தேன்.

"சூடு காட்டாதீங்க சார்! எங்கப்பா மனுங்க சார்! மோட்டார் வராம பூடுங்க சார்!"

எல்லா மேசையும் திரும்பிப் பார்த்தது. கிளார்க் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கழற்றினால் அவ்வளவு ஆந்தையாக இல்லை.

"மோட்டாருக்கு இந்த அழுவ அழுவறானே... காடு கழனி ரொம்பக் காயுதுங்களா?" என்று அப்பாவைக் கேட்டார்.

அப்பா தலையை மட்டும் ஆட்டினார்.

"எல்லாக் காயிதமும் இருக்குதுங்களே இந்த வாட்டி. இன்னிக்கே மேல அனுப்பிடறேன். குடு கண்ணு, பத்திரமா வெக்கிறேன்."

அவர் முத்திரை குத்தி, மனுவைக் கட்டுக்கு அடியில் இருட்டாக, குளுகுளுவென்று வைத்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

வெளியே வந்ததும் அப்பா என் கையைப் பிடித்துக்கொண்டார். அதற்கு முன்பு அவர் என் காதைத்தான் பிடித்திருக்கிறார். துண்டால் ஒருதரம் முகத்தைத் துடைத்துக்கொண்டார். டீக்கடையில் போண்டா வாங்கியபோதும் பிடியை விடவில்லை. விஷயம் தெரிந்துவிட்டது, வீடு போய்ச் சேரும்வரை நான் ஓடிவிடக் கூடாதென்றுதான் இப்படிப் பிடித்திருக்கிறார் என்று முடிவு கட்டினேன். எப்படியும் உதை நிச்சயம், கிடைத்தவரை லாபம் என்று இன்னொரு போண்டா கேட்டேன். அதையும் வாங்கிக் கொடுத்தார்.