வரிசையில் கனிந்த பழம்

திருப்பதியில் நான் வேலை செய்த ஆய்வகத்தில் மாம்பழத் தோலைக் குப்பை என்று சொன்னால் கோபித்துக்கொள்வோம். அதை வெந்நீரில் வேகவிட்டு, எலுமிச்சைப் புளிப்பு கொஞ்சம் சேர்த்து, வடித்த நீரில் ஆல்கஹாலை ஊற்றினால் வெள்ளையாகத் திரண்டு வரும். அதுதான் பெக்டின், ஜாமைக் கெட்டியாக்குவது. கடும் அமிலம் கிடையாது, ஏரிக்குப் போகும் விஷத் தண்ணீர் கிடையாது, ஆல்கஹாலைக்கூட வடித்து மறுபடி பயன்படுத்துவோம். கருத்தரங்குகளில் இதைச் சொல்லிக் கைதட்டல் வாங்கியிருக்கிறேன். அந்தத் தோலுக்குள் இருந்த பழம் யாருடையது என்று ஒருவரும் கேட்டதில்லை.

என் அப்பா, நைனாவுக்குக் கார்வேட்டிநகரம் பக்கம் பெங்களூரா ரக மாந்தோப்பு. அந்த வருஷம் காய் கொட்டோ கொட்டென்று கொட்டியது. மாம்பழக் கூழ் ஃபேக்டரிகளோ பழைய சரக்கே தேங்கிக் கிடக்கிறது என்று கேட்டைப் பாதி மூடிக்கொண்டன. சித்தூர் ரோட்டில் டிராக்டர்கள் நாள்கணக்கில் நின்றன. நைனாவும் டிராக்டருக்கு அடியில் துண்டை விரித்துப் படுத்துக் கிடந்தார். அவர் முறை வந்தபோது காய் கனிந்து சாறு ஒழுகிக்கொண்டிருந்தது. கேட்டில் இருந்தவர் தார்ப்பாயைத் தூக்கிப் பார்த்துவிட்டு, ரொம்பக் கனிந்துவிட்டது என்று தெலுங்கில் மரியாதையாகவே சொல்லித் திருப்பி அனுப்பினாராம்.

அப்படிப்பட்ட லோடை ரோட்டோரம் சாய்த்துவிட்டுப் போவதுதான் வழக்கம். நான்தான் போனில் சாய்க்க வேண்டாம் என்றேன். எங்கள் முறையில் பெக்டின் எடுக்க ரேணிகுண்டா பக்கம் ஒருவர் சின்னதாக ஒரு யூனிட் போட்டிருந்தார். பழத்தோலில் சத்து தேறினால் லோடு முழுவதையும் எடுத்துக்கொள்வதாகச் சொன்னார். ரொம்பக் கனிந்த பழத்தில் பெக்டின் சிதைந்துவிடும் என்று படித்தவள்தான் நான். ஆனாலும் கொஞ்சமாவது மிஞ்சியிருக்காதா என்று மனசு அடித்துக்கொண்டது.

டிராக்டரை லோடோடு ரோட்டோரம் நிறுத்திவிட்டு, நைனா ஒரு மூட்டைப் பழத்தோடு பஸ்ஸில் வந்தார். செருப்பை ஆய்வக வாசலில் விட்டுவிட்டு, நான் தோல் சீவுவதையும் வேகவைப்பதையும் பார்த்துக்கொண்டிருந்தார். ஆல்கஹாலை ஊற்றினேன். தண்ணீர் லேசாகக் கலங்கியது, அவ்வளவுதான். மறுபடி செய்தேன். மறுபடியும் கலங்கல்தான். குப்பையில் காசு பார்க்கும் வித்தை படித்தவளுக்கு, சொந்த நைனாவின் பழத்தைக் குப்பையாகக்கூட விற்றுத்தர வக்கில்லை.

"நல்லதுன்னா எப்டி இருக்கும்? கொஞ்சம் காட்டு," என்றார் நைனா.

சீசன் தொடக்கத்தில் ஆய்வுக்கென்று எடுத்து உலர்த்திய தோல் இருந்தது. அதை வேகவைத்து, வடித்து, ஊற்றினேன். கண்ணாடிக் குவளை முழுக்க வெள்ளையாகத் திரண்டது.

"இது யார் தோப்புக் காய்?"

"நம்மதுதான் நைனா. நீயே பறிச்சிக் குடுத்தது."

குவளையைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "அப்ப மரத்து மேல தப்பு இல்ல," என்றார். பிறகு பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று கிளம்பிவிட்டார். திரும்பிப் போனதும் டிராக்டரில் இருந்த லோடை ரோட்டோரம் சாய்த்துவிட்டதாக அம்மா போனில் சொன்னாள்.

ஐப்பசி மழைக்கு முன்னால் அவளே மறுபடி கூப்பிட்டாள். காயை வாங்க ஆளில்லாத தோப்பு எதற்கு என்று நைனா மெஷின் வைத்து மரங்களை அறுத்துக்கொண்டிருக்கிறார் என்றாள். நான் போய்ச் சேர்வதற்குள் பாதித் தோப்பு விழுந்துவிட்டது. நிறுத்தச் சொல்லிக் கெஞ்சினேன். நைனா என் முகத்தைப் பார்க்கவில்லை.

"மரந்தான் கெட்டுப்போச்சுன்னு நெனச்சிக்கினு வெட்டியிருப்பேன். நீ அந்த வெள்ளைய காட்டாமலே இருந்திருக்கலாம், பாப்பா."