காரணம் சொல்லாத அண்ணி

முதலில் நினைவுக்கு வருபவை இரண்டு கால்கள். கறுப்புப் பள்ளிக் காலணி அணிந்த, எட்டு வயதுப் பெண்ணின் கால்கள். மூன்று வயதுக் குழந்தைக்கெனச் செய்யப்பட்ட நீல நிற வண்டியில் அவள் அமர்ந்திருந்தாள். மிதிபலகையில் இடம் போதாமையால் அக்கால்கள் அதைத் தாண்டி ஒரு சாண் நீண்டு, தரையில் உரசிவிடாதபடி சற்றே உயர்த்திப் பிடிக்கப்பட்டிருந்தன. வண்டியைத் தள்ளியவர் என் அண்ணி. சென்னைக்கு அருகிலிருந்த கேளிக்கைப் பூங்கா ஒன்றின் வாயிலில் அன்று வரிசையில் நின்ற ஏறத்தாழ எல்லாரும் அக்கால்களையே பார்த்தார்கள். அண்ணி ஒருவர்தாம் எவரையும் பாராமல் நேரே வாயிலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

விருத்தாசலத்துப் பீங்கான் தொழிற்பேட்டையில் பெரிய சூளை அணைவது அரிது. ஒருமுறை ஆறவிட்டால் மீண்டும் சூடேற்றப் பல நாள் ஆகும் என்பதால் பொங்கலுக்கும் தீபாவளிக்குங்கூட அது எரிந்துகொண்டிருக்கும். உட்சுவர்ச் செங்கற்கள் தேய்ந்து, அவற்றை மாற்றியே தீரவேண்டும் என்ற நிலை வரும்போதுதான் நெருப்பை அணைப்பார்கள். அதை நம்பிப் பொம்மையும் கிண்ணமும் செய்யும் சிறு கூடங்களும் அப்போது ஓய்ந்து நிற்கும். அந்த நாள்களில் நான்கைந்து கூடத்துக் குடும்பங்கள் சேர்ந்து பேருந்து ஒன்றை அமர்த்திக்கொண்டு எங்கேனும் புறப்படுவது வழக்கம். வேறு ஊர்களில் பள்ளி விடுமுறையைப் பார்த்துச் சுற்றுலா போவார்கள். எங்கள் பேட்டையில் சூளையைப் பார்த்துப் போவார்கள். என் அண்ணனுக்கு மட்டும் அந்த வாய்ப்பு ஒருநாளும் இல்லை. அவன் சூளையின் நெருப்பைப் பார்த்துக்கொள்பவன். சூளை ஆறினால்தான் அவனுக்கு வேலை மிகுதி. ஆகவே அந்த ஆண்டு அண்ணிக்கும் அவர் மகளுக்கும் துணையாக நான் சென்றேன்.

அண்ணியும் அதே பேட்டையில் ஒரு கூடத்தில் வேலை செய்தார். சுடாத பச்சைச் சரக்கைப் பலகைகளில் அடுக்கி, சக்கர வண்டியில் ஏற்றிச் சூளைவரை தள்ளிச் செல்வது அவர் வேலை. கேட்பவர்க்கு எளிதாகத் தோன்றும். பச்சைப் பீங்கான் ஓர் அதிர்ச்சியையும் தாங்காது. வாயிற்படியில் முன்சக்கரம் ஒருமுறை இடித்தால் கண்ணுக்குத் தெரியாத கீறல் விழும், சூளையிலிருந்து வெளிவரும்போது சரக்கு இரண்டாகப் பிளந்திருக்கும். எனவே மேடு பள்ளம் வந்தால் வண்டியைத் திருப்பிக்கொண்டு, தாம் முதுகுப்புறமாக நடந்து, பின்சக்கரங்களை முதலில் இறக்குவார். அவர் தள்ளிய சரக்கில் பிளவு காண்பது அரிது என்று கூடத்தின் முதலாளியே சொல்லக் கேட்டிருக்கிறேன்.

அண்ணன் மகளுக்குக் கால்களில் வலுக் குறைவு. வீட்டுக்குள் நடப்பாள், வகுப்புக்குள் நடப்பாள், கோலம் போடுவாள், தொலைக்காட்சிப் பாட்டுக்கு நின்ற இடத்தில் ஆடுவாள். தொடர்ந்து சிறிது தொலைவு நடந்தால் முழங்கால்கள் சொல்லாமல் கொள்ளாமல் மடிந்துவிடும். புதுச்சேரி மருத்துவர் அதற்கு ஒரு பெயர் சொல்லியிருந்தார். அப்பெயர் அப்போது எங்கள் நால்வரைத் தவிர எவருக்கும் தெரியாது. மறைக்கச் சொன்னவள் அந்தச் சிறுமியேதான். அவள் வகுப்பில் ஒரு பெண்ணுக்கு வலிப்பு வந்ததாம். அன்றுமுதல் ஆசிரியைகள் அப்பெண்ணின் தலையைத் தடவிவிட்டுப் போனார்களாம். பிள்ளைகள் எவரும் அவளை ஆட்டத்துக்குச் சேர்க்கவில்லையாம். இதைச் சொல்லிவிட்டு அவள் தன் தாயிடம் கேட்டது இன்றும் என் காதில் இருக்கிறது. "என்னை செல்லம்னு சொன்னாச் சொல்லட்டும்மா. சீக்குன்னு யாரும் சொல்ல வேணாம். சத்தியம் பண்ணு." அண்ணி அவள் கையில் அடித்துச் சத்தியம் செய்தார். நானும் செய்தேன்.

வைகறையில் பேருந்தின் அடியில் மூட்டைகளை ஏற்றும்போதே பேச்சுத் தொடங்கிவிட்டது. அண்ணியின் கூடத்தில் பொம்மைகளுக்கு வண்ணம் தீட்டும் அக்கா ஒருவர், கருவேப்பிலங்குறிச்சிக்காரர், பெருங்குரலுக்குப் பேர்போனவர். மடக்கிய வண்டியைக் கண்டதும், "என்னாடி இது, பாப்பா வண்டி? சொல்லாம கொள்ளாம ரெண்டாவது பெத்துட்டியா?" என்றார்.

"ஏன், நீ வந்து பத்தியம் வடிச்சுப் போடப் போறியா? என் பொண்ணுக்குத்தான்க்கா."

"எட்டு வயசு கழுதைக்கா? நாளைக்கிக் கல்யாணம் கட்டிக் குடுத்தாலும் தள்ளிக்கினுதான் போவியா?"

"ஆமா, மாப்ள வூடு வரைக்கும் தள்ளிக்கினு போவேன். ஒனக்கு என்னா வந்துது? நவுரு, பைய வெக்கணும்."

பேருந்தே சிரித்தது. சன்னலோரம் அமர்ந்திருந்த சிறுமியும் சிரித்தாள். அவள் சிரிப்பில் ஒரு வெற்றி இருந்தது. செல்லம் என்ற பெயர் அவளுக்குக் கிடைத்துவிட்டது. எனக்கோ உடம்பெல்லாம் கூசியது. வகுப்பில் ஒரு மாணவியின் ஐயம் தீராமல் மணியடித்துவிட்டால் அன்று முழுதும் அமைதியின்றி இருக்கும் இயல்பினள் நான். கேள்வி என்று ஒன்று எழுந்தால் விடை சொல்லப்பட்டாக வேண்டும் என்பதே என் தொழில் எனக்குப் பழக்கிய அறம். அந்தப் பழக்கந்தான் அன்று பெரும்பிழை ஒன்றைச் செய்வித்தது.

பூங்காவின் வாயிலில் காவலர் வண்டியை நிறுத்தினார். கெட்டவர் அல்லர், தமக்குச் சொல்லியிருந்ததைச் சொன்னார். "ஸ்ட்ரோலரு சின்னக் கொழந்தைங்களுக்கு மட்டும்மா. பாப்பா பெருசா இருக்குதே, நடக்க வைங்க."

"நடந்தா கால் நோவும்."

"எல்லாருக்குந்தான்மா நோவும். எனக்குங்கூட நோவுது. என்னை யாரு தள்றா?"

வரிசையில் சிரிப்பெழுந்தது. அண்ணி அசையவில்லை. "டிக்கெட்டு வாங்கியிருக்கோம். வண்டி எங்க வண்டி. தள்றது என் கை. ஒங்களுக்கு இதுல என்னா நஷ்டம்ங்க?" என்றார். பின்னாலிருந்து யாரோ, "இப்பவே இப்பிடிப் பழக்குனா அது எப்ப நடக்கும்?" என்றார்கள். வேறொருவர் தம் பிள்ளையைக் காட்டி, "என் பையன் இதைவுடச் சின்னவன், மலையே ஏறுவான்," என்றார். காவலர் தணிந்த குரலில், ஏதேனும் மருத்துவக் காரணம் இருந்தால் சொல்லும்படியும் உடனே விட்டுவிடுவதாகவும் கூறினார். அண்ணி அதற்கும், "கால் நோவும். அவ்ளோதான் காரணம்," என்றார்.

நான் வாய் திறந்தேன். வகுப்பறையின் கடைசி வரிசைக்கும் கேட்கும் என் குரலில், நோயின் பெயரையும் அதன் இயல்பையும் இனி ஆகக்கூடியதையும் ஒன்றுவிடாமல், திருத்தமான சொற்றொடர்களில் எடுத்துரைத்தேன். சிரித்தவர்கள் தலைகுனிய வேண்டும் என்பதே என் விருப்பம். குனிந்தார்கள். காவலர் தடுப்பை விலக்கினார். வரிசை தானாக இரண்டாய்ப் பிரிந்து வழிவிட்டது. வண்ணம் தீட்டும் அக்கா கண்ணீர் வழிய ஓடிவந்து, "எஞ்சாமி, தெரியாமப் பேசிட்டேனே," என்று சிறுமியின் கன்னத்தை வருடினார். வாதில் வென்றதாகவே சில நொடிகள் நான் மகிழ்ந்திருந்தேன். பிறகு அண்ணியின் முகத்தைப் பார்த்தேன்.

அவர் என்னிடம் ஒரே ஒரு சொற்றொடர்தான் சொன்னார். "கேட் தொறக்குறதுக்காடி இத்தினி நாளு நான் வாய மூடிக்கினு இருந்தேன்?"

சிறுமி இரு கால்களையும் தரையில் ஊன்றி இறங்கினாள். எவர் சொல்லியும் மீண்டும் ஏறவில்லை. வெற்று வண்டியை அண்ணி தள்ளிவர, அவள் முன்னே நடந்தாள். பேருந்தில் அவளோடு அடித்துக்கொண்டு வந்த பிள்ளைகளை அவரவர் தாய்மார் தோளைப் பற்றி இழுத்து, "மேல இடிக்காத, அதுக்கு ஒடம்பு செரியில்ல," என்றார்கள். காலையில் அவளுக்குப் பெயர் இருந்தது, பட்டப்பெயருங்கூட இருந்தது. இப்போது 'அது' ஆகியிருந்தாள். நீர்ச்சறுக்குக்குப் போகும் பாதையில் அவள் முழங்கால்கள் மடிந்தன. பத்துப் பேர் பதறிக்கொண்டு ஓடிவந்தார்கள். அண்ணி கையை நீட்டி அவர்களைத் தடுத்தார். மகளைத் தூக்கவுமில்லை. அவளருகில் அந்தச் சுடுதரையிலேயே தாமும் அமர்ந்துகொண்டார்.

"எனக்குந்தான் காலு நோவுது. குந்து, ஒண்ணும் அவசரமில்ல," என்றார். பிறகு வண்ணம் தீட்டும் அக்காவின் பத்து வயது மகனைப் பார்த்து, "டேய் குண்டா, ஒனக்கு நோவுதா?" என்று கேட்டார். அவன் தாயைப் பார்த்தான், வண்டியைப் பார்த்தான், "நோவுது சித்தி," என்றான்.

"ஏறு."

வண்டி முனகியது. அங்கிருந்து பாதை சரிவாக இறங்கியது. அண்ணி வண்டியைத் திருப்பி, தாம் முதுகுப்புறமாக நடந்து, பச்சைச் சரக்கை இறக்குவதுபோல் அவனை இறக்கினார். சமதரை வந்ததும் சேலையைச் செருகிக்கொண்டு ஓட்டமாய் ஓடித் தள்ளினார். அவன் கூச்சலில் நீர்ச்சறுக்கு வரிசையே திரும்பிப் பார்த்தது. அவன் இறங்குமுன் இன்னொரு பெண் வந்து நின்றாள். அவளுக்குப் பின்னால் மூவர். பெருஞ்செலவில் நிறுவிய இராட்டினங்கள் சுற்றிக்கொண்டிருக்க, எங்கள் பேட்டைப் பிள்ளைகள் ஒரு பழைய வண்டிக்கு வரிசை கட்டினார்கள். நான்காவது சுற்றில் தரையில் அமர்ந்திருந்தவள் பொறுமையிழந்தாள். "அம்மா, அது என் வண்டி. அவளை எறங்கச் சொல்லு!"

ஏறி அமர்ந்தாள். சற்று நேரத்துக்கெல்லாம், "சித்தி, அவ மட்டும் எவ்ளோ நேரம் குந்தியிருப்பா? செல்லக் கழுத," என்று ஒரு குரல் எழுந்தது. அக்குரல் எனக்கு எத்துணை ஆறுதல் அளித்தது என்பதைச் சொல்ல இயலாது. இரக்கம் பின்வாங்கிப் பொறாமை திரும்பியிருந்தது. அவள் மிதிபலகைக்கு வெளியே கால்களை நீட்டிக்கொண்டு, வரிசையில் நின்றவர்களுக்கு நாக்கைத் துருத்திக் காட்டினாள்.

மாலையில் பேருந்துக்குத் திரும்பிய கூட்டத்தை நான் கூர்ந்து பார்த்தேன். ஏழு வயதுப் பையன் தந்தையின் தோளில். ஒன்பது வயதுப் பெண் தாயின் முதுகில். மலையேறுவான் என்று புகழப்பட்ட அந்தப் பிள்ளை தரையில் புரண்டு அழுதான். எந்தப் பெற்றோரிடமும் எவரும் காரணம் கேட்கவில்லை. மாசி மகத் திருவிழாவின்போது எங்கள் ஊர்த் தேர்க்கூட்டத்தில் பெரிய பிள்ளைகளைத் தோளில் ஏற்றியிருக்கும் தந்தையர் எத்தனை பேர்! அவர்களிடம் மருத்துவச் சான்று கேட்டவர் உண்டா? தோளில் சுமந்தால் பாசம், சக்கரத்தில் சுமந்தால் குற்றம் என்னும் வழக்கை எவர் எழுதினார்? பிள்ளையை, அது களைப்பதற்கு முன்னரே அமரவைத்த தாயிடம் உலகம் ஏன் வாக்குமூலம் கேட்கிறது? நோயுற்ற பிள்ளைக்காக மட்டும் நான் இதைக் கேட்கவில்லை. கல்லைப்போன்ற கால்களை உடைய பிள்ளையையும் அதன் தாய் வண்டியில் வைத்துத் தள்ளட்டும். பகல் முழுதும் வெயிலில் நடத்திப் பிள்ளைக்கு உறுதி ஊட்டுவதற்குச் சுற்றுலா படைப்பயிற்சியன்று, ஒருநாள் இன்பம். நோயைக் காட்டினால்தான் வழி திறக்கும் என்றால், அவ்வாயிலில் பழுது. பிள்ளையின் கால்களில் இல்லை.

மறுநாள் அண்ணியிடம் மன்னிப்புக் கேட்கச் சென்றேன். அரிசி களைந்துகொண்டிருந்தவர் நிமிராமலே, "என்னாண்ட எதுக்கு? சத்தியம் அவளுக்குப் பண்ணது," என்றார். சிறுமி வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். நான் சொன்னதை முழுதும் கேட்டுவிட்டு, "இனிமே யாரு கேட்டாலும் நான்தான் சொல்லுவேன் அத்த. நீ சொல்லக் கூடாது. சொல்ல மாட்டேன்னு நான் சொன்னா, அதுவும் நான் சொன்னதுதான்," என்றாள். இத்தனை ஆண்டு பாடம் நடத்திய எனக்கு இதைவிடத் தெளிவாக ஒன்றை எவரும் விளக்கியதில்லை. ஆயினும் நான் கொட்டியதை அள்ள இயலவில்லை. பேட்டையில் செய்தி பரவியது. பள்ளியிலும் தலையைத் தடவினார்கள். ஓராண்டு அவள் எவர் தடவினாலும் கையைத் தட்டிவிட்டாள். அண்ணியை அழைத்துத் தலைமையாசிரியை கண்டித்தபோது, "அவ தலைங்க அது," என்று சொல்லிவிட்டு எழுந்து வந்தார்.

இன்று அவள் பன்னிரண்டாம் வகுப்பு. நீண்ட தொலைவுக்குச் சக்கர நாற்காலி, குறுகிய தொலைவுக்குத் தன் கால்கள், இவற்றில் எது எப்போது என்பதை அவளே முடிவு செய்கிறாள். அண்ணி இன்றும் சரக்கு தள்ளுகிறார். தம்மைப் பற்றி எழுதப்போகிறேன் என்றதும், "நான் என்னாத்த பண்ணிட்டேன்? வண்டி தள்ளுனேன்," என்று சிரித்தார். மகளோ எழுதலாம் என்றாள். அச்சுக்குப் போகுமுன் தான் படிக்கவேண்டும் என்றாள்.

கையெழுத்துப் படியைக் கொடுத்தேன். தன் அம்மா ஓடித் தள்ளிய இடத்தில் உரக்கச் சிரித்தாள். ஓரிடத்தில் மட்டும் நின்று, என் மேசையிலிருந்த சிவப்பு மைப் பேனாவை எடுத்தாள். புதுச்சேரி மருத்துவர் சொன்ன பெயரை நான் அங்கே எழுதியிருந்தேன். எழுத்துத் தெரியாதபடி அதை அடித்தாள்.

"படிப்பவர்களுக்குக் கதை விளங்க வேண்டாமா?" என்று கேட்டேன்.

"கதைதான் வெளங்கிடுச்சே அத்த. பேரை வெச்சிக்கினு அவங்க என்னா பண்ணப் போறாங்க?"

படியை நான் திரும்ப வாங்கிக்கொண்டேன். அவ்விடத்தில் வேறு சொல் எதையும் இட்டு நிரப்பவில்லை. பெயர் தெரியாமல் இக்கட்டுரை குறைபட்டுவிட்டது என்று கருதுவோர் அப்படியே கருதிக்கொள்ளட்டும்.